18% டிப்ஸ் பில்லுலயே புடிச்சுட்டு, "டிப்ஸ் குடுக்காத குடும்பம்"னு எங்க ஸ்லிப்பை ஃபேஸ்புக்ல போட்டுட்டாங்க. டல்லாஸ் பக்கம் இருக்கவங்க உஷாரா இருங்க

அமெரிக்காவுல, டெக்ஸாஸ்ல, டல்லாஸ், பிளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங் பக்கம் இருக்குற நம்ம மக்கள் இதை முழுசா படிச்சிருங்க, முக்கியமா ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்துருக்காங்கன்னு கும்பலா வெளிய சாப்பிட கூட்டிட்டு போறவங்க. ஆறு பேர், எட்டு பேர்னு போனா இங்க நிறைய இடத்துல டிப்ஸை அவங்களே பில்லுல ஏத்திருவாங்க, மெனு அடியில சின்ன எழுத்துல போட்டும் இருப்பாங்க, அதுல எனக்கு ஒண்ணும் புகார் இல்ல. அதை வாங்கிட்டு அப்புறம் என்ன பண்ணாங்கன்றதுதான் விஷயம்.

நாங்க போனது ஒரு டெக்ஸ்-மெக்ஸ் (டெக்ஸாஸ் பாணி மெக்சிகன் சாப்பாடு) ரெஸ்டாரன்ட். அப்பாவுக்கு பொறந்தநாள், அண்ணன் குடும்பமும் ஹூஸ்டன்லேர்ந்து வந்திருந்தாங்க, மொத்தம் எட்டு பேர். பரிமாறின பொண்ணு தங்கமான பொண்ணு, அம்மாவுக்கு ஐஸ் போட்ட தண்ணி ஒத்துக்காதுன்னு சொன்னதும் சுடுதண்ணி கொண்டுவந்து வச்சா, எதுல பன்றிக்கொழுப்பு போட்டிருக்கு எதுல இல்லன்னு கிச்சன்ல கேட்டுட்டு வந்து பொறுமையா சொன்னா. கிளம்பும்போது அப்பா அவ கையில தனியா பத்து டாலர் நோட்டு ஒண்ணு வச்சுட்டு வந்தார், நாங்க யாரும் சொல்லி குடுக்கல, அவர் மனசுக்கு தோணுச்சு குடுத்தார்.

பில் விவரம் சொல்றேன். சாப்பாடு 240 டாலர், டாக்ஸ் 8.25% 19.80, அதுக்கு கீழ கிராஜுவிட்டி (அவங்களே ஏத்துற டிப்ஸ்) 18%னு 43.20, மொத்தம் 303. சரின்னு கார்டு குடுத்தோம். திரும்பி வந்த கார்டு ஸ்லிப்புல பாத்தா இந்த விவரம் எதுவுமே கிடையாது, 303ன்னு ஒரே தொகை, கீழ டிப்ஸ்னு காலி கோடு, அதுக்கும் கீழ 18% போட்டா இவ்வளவு, 20% போட்டா இவ்வளவு, 22% போட்டா இவ்வளவுன்னு கணக்கு வேற, அந்த கணக்கும் டாக்ஸும் அவங்க ஏற்கனவே புடிச்ச டிப்ஸும் சேந்த 303க்கு மேல. எங்க வீட்டுக்காரர் டிப்ஸ் இடத்துல ஒரு கோடு இழுத்துட்டு மொத்தம் 303ன்னு எழுதி கையெழுத்து போட்டுட்டு வந்தார். விவரமான பில்லை நான் பையில வச்சுக்கிட்டேன், அதுதான் பின்னாடி எங்களை காப்பாத்துச்சு.

மறுநாள் சாயங்காலம் இவர் ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி இது நீங்களான்னு கேக்குறார். எங்க ஏரியா ஃபேஸ்புக் குரூப்ல அந்த கார்டு ஸ்லிப்போட போட்டோ, இவர் பேர் பளிச்சுன்னு தெரியுது, கையெழுத்து தெரியுது, டிப்ஸ் இடத்துல இழுத்த கோடை சிவப்பு வட்டம் போட்டு காட்டிருக்காங்க. எட்டு பேர் வந்து உக்காந்து ஓட ஓட வேலை வாங்கிட்டு 303 டாலர் பில்லுக்கு ஒரு பைசா வைக்கலன்னு எழுதி, இவங்க ஆளுங்களே இப்படித்தான்னு முடிச்சிருக்கு. போட்டது எங்களுக்கு பரிமாறின பொண்ணு இல்ல, அங்க வேலை பாக்குற வேற ஒருத்தர். 18% புடிச்சது தெரியுற பில்லை போடவே இல்ல. கீழ கமெண்ட்ஸ் எல்லாம் எழுதவே கை கூசுது, இந்தியன்ஸ் எல்லாரும் இப்படித்தான், திரும்பி போக சொல்லுங்க, இவன் எங்க வேலை பாக்குறான்னு தேடுங்கன்னு போய்க்கிட்டே இருக்கு. அப்பாவுக்கு இங்கிலீஷ் நல்லாவே படிக்க வரும், படிச்சுட்டு அந்த பொண்ணு கையில நான் காசு குடுத்தேனேம்மான்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்ல.

இதோட முடியல. ரெண்டு நாள் கழிச்சு கார்டு கணக்கை பாத்தா 303 இல்ல, 363.60 போயிருக்கு. அதாவது யாரோ 303க்கு 20% போட்டு 60.60 டாலரை அவங்களே டிப்ஸ்னு ஏத்திட்டாங்க. இது எப்படி முடியுதுன்னா ரெஸ்டாரன்ட்ல கார்டு தேய்க்கும்போது டிப்ஸ் இல்லாத தொகைதான் முதல்ல பென்டிங்ல காட்டும், நம்ம கையெழுத்து போட்டு போனப்புறம் ஸ்லிப்புல எழுதின டிப்ஸை ஸ்டாஃப் சிஸ்டத்துல அடிப்பாங்க, அப்புறம்தான் முழு தொகை ஏறும். நடுவுல என்ன நம்பர் அடிச்சாலும் அந்த நேரத்துல நமக்கு தெரியாது. 240 டாலர் சாப்பாட்டுக்கு ரெண்டு டிப்ஸும் சேத்து 103.80, அப்பா குடுத்த பத்து டாலர் தனி. இப்படி வாங்கிட்டு நாங்க டிப்ஸ் குடுக்காதவங்களாம்!

பில்லை எடுத்துக்கிட்டு நேர்ல போய் மேனேஜரை கேட்டேன். 60.60 எதோ தப்பா அடிச்சிருப்பாங்க பாக்குறேன்னார். 18% பத்தி கேட்டா அது பெரிய கும்பலுக்கு போடுற சார்ஜ், டிப்ஸ் இல்லன்னு சொல்றார். அப்ப அந்த 43 டாலர்ல அந்த பொண்ணுக்கு எவ்வளவு போச்சுன்னு கேட்டேன், அதெல்லாம் சொல்ல முடியாதுன்னுட்டார்.

இந்த இடத்தை எல்லாரும் புரிஞ்சுக்கணும். நாமளா இஷ்டப்பட்டு எழுதுற டிப்ஸ் சட்டப்படி வேலை பாக்குறவங்க காசு, முதலாளியோ மேனேஜரோ அதுல கை வைக்கக்கூடாதுன்னு 2018ல ஃபெடரல் சட்டத்துலயே சேத்துட்டாங்க. ஆனா அவங்களே கட்டாயமா ஏத்துற 18%ஐ ஐஆர்எஸ் (இங்கத்த வரித்துறை) டிப்ஸா எடுத்துக்கறதில்ல, அது ரெஸ்டாரன்ட்டோட வருமானம், 2012லயே தெளிவா சொல்லி 2014லேர்ந்து கண்டிப்பா நடைமுறைக்கு கொண்டுவந்துட்டாங்க. சர்வருக்கு குடுத்தா சம்பளம் மாதிரி கணக்கு காட்டி குடுக்கணும், எவ்வளவு குடுக்குறாங்கன்றது அவங்க இஷ்டம். 2025ல வந்த டிப்ஸ் மேல வரிச்சலுகை கூட இந்த கட்டாய சார்ஜுக்கு கிடையாது. பில்லை பாத்து நாம டிப்ஸ் குடுத்தாச்சுன்னு நினைக்கிறோம், அந்த பொண்ணு கைக்கு அதுல எவ்வளவு வந்துச்சோ, வரவே இல்லையோ. அந்த கோவத்தை முதலாளிகிட்ட காட்ட முடியாம நம்ம மேல காட்டுறாங்க.

அவங்க கஷ்டம் நிஜம், அதையும் சொல்லியே ஆகணும். டெக்ஸாஸ்ல டிப்ஸ் வாங்குற வேலைக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் குடுத்தா போதும், டிப்ஸோட சேத்து குறைஞ்சபட்ச சம்பளமான 7.25 வந்துட்டா சட்டப்படி சரி. அந்த 2.13 1991லேர்ந்து ஏறவே இல்ல. கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாதிரி சில மாநிலத்துல டிப்ஸை கழிக்காம முழு சம்பளம் குடுக்கணும், இங்க அப்படி இல்ல. அதனால நம்ம ஊர்ல சில்லறைய தட்டுல வச்சுட்டு வர்ற பழக்கத்துல இங்கயும் ரெண்டு டாலர் வச்சுட்டு வர்ற நம்ம ஆளுங்க சிலர் இருக்காங்க பாருங்க, தயவுசெஞ்சு அதை விட்ருங்க, உக்காந்து சாப்பிடுற இடத்துல டாக்ஸுக்கு முன்னாடி தொகைக்கு 18, 20 சதவீதம் குடுக்கறதுதான் இங்க முறை.

அதுக்காக ஒருத்தர் பேரும் கையெழுத்துமா ஸ்லிப்பை ஊருக்கு காட்டறதை என்னால ஒத்துக்கவே முடியாது, நிஜமாவே டிப்ஸ் குடுக்காதவரா இருந்தாலும் சரி. 2013ல செயின்ட் லூயிஸ்ல ஆப்பிள்பீஸ்ன்ற செயின் ரெஸ்டாரன்ட்ல இப்படித்தான் ஒண்ணு நடந்துச்சு, ஒரு பாஸ்டர் அந்த கட்டாய 18%ஐ கோடு போட்டு அடிச்சுட்டு கடவுளுக்கே பத்து சதவீதம்தான் குடுக்கறேன்னு ஸ்லிப்புல எழுதிட்டாங்க, அதை போட்டோ எடுத்து நெட்ல போட்டது கூட வேலை பாத்த ஒரு பொண்ணு. கையெழுத்தை வச்சு பாஸ்டர் யாருன்னு கண்டுபிடிச்சுட்டாங்க, போட்ட பொண்ணுக்கும் வேலை போச்சு. பாஸ்டர் எழுதினது அசிங்கம்தான், ஆனா கடைசியில ரெண்டு பேரோட பொழப்பும் சந்தி சிரிச்சுது, அந்த 18% விதிய போட்ட கம்பெனிக்கு என்ன குறைஞ்சுது?

இனிமே கும்பலா போனா உக்காரும்போதே கிராஜுவிட்டி சேர்ப்பீங்களா, அது முழுசா சர்வருக்கு போகுமான்னு கேட்டுருங்க. விவரமான பில்லை கேட்டு வாங்குங்க, கார்டு ஸ்லிப் மட்டும் போதாது. டிப்ஸ் இடத்துல சும்மா கோடு இழுக்காம "18% பில்லில் சேர்க்கப்பட்டது"ன்னு இங்கிலீஷ்ல எழுதி, மொத்தத்தையும் எழுதி, ரெண்டையும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க. அப்புறம் ரெண்டு மூணு நாள் கழிச்சு பேங்க் ஆப்புல பென்டிங்ல இல்ல, ஏறி முடிஞ்ச தொகைய பாருங்க. கிரெடிட் கார்டுல கூடுதலா போயிருந்தா ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள்ள பேங்க்குக்கு எழுத்துல டிஸ்ப்யூட் போடலாம், சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு.

நாங்க போட்டுட்டோம், 60.60 இப்போதைக்கு கணக்குல திரும்ப வந்துருக்கு, பேங்க் இன்னும் முடிவு சொல்லல. குரூப்ல முழு பில்லையும் நான் போட்டதும் அந்த போஸ்ட்டை ஒரு மணி நேரத்துல தூக்கிட்டாங்க, ஆனா அசிங்கமா எழுதின ஒருத்தர் கூட மன்னிப்பு கேக்கல. ரெஸ்டாரன்ட் பேர் கேட்டு யாரும் மெசேஜ் பண்ணாதீங்க, பேங்க் விசாரணை முடியற வரைக்கும் சொல்ல மாட்டேன். அந்த போஸ்ட் போட்ட ஆளோட போட்டோவ போட்டு நாறடிங்கன்னு ரெண்டு மூணு பேர் சொன்னாங்க, அது எப்பவுமே நடக்காது.