ஆழ்வார்பேட்டையில் சாலட்டுக்கென்றே ஓர் உணவகம்

சென்னை உணவகங்கள் பலவற்றில் சாலட் கேட்டால், வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காய், கேரட், வெங்காயத்தோடு ஓர் எலுமிச்சைத் துண்டும் வைத்த தட்டுதான் வரும். சாலட்டையே முழுச் சாப்பாடாகப் பரிமாறும் இந்தச் சிறிய உணவகத்துக்குச் சென்ற மாதம் இரண்டு முறை போய்வந்தேன்.

எதை எப்போது கலக்க வேண்டும் என்பதில் இவர்கள் காட்டும் கவனத்தை முதலில் பாராட்ட வேண்டும். உப்புப் பட்டதும் வெள்ளரியும் தக்காளியும் நீர் விட்டுவிடும் என்பதால்தான் நம் வீடுகளில் கோசுமல்லிக்குக் கடைசியில் உப்புச் சேர்க்கிறோம். இங்கே கிரேக்க சாலட்டுக்கும் அதே பக்குவம்தான். பெரிய துண்டுகளாக வெட்டிய தக்காளி, வெள்ளரி, வெங்காயம், குடைமிளகாய், ஆலிவ் காய்கள் ஆகியவற்றின்மேல் ஃபெட்டா பாலாடைக்கட்டியை உதிர்க்காமல் ஒரே பாளமாக வைத்து, ஒரேகானோ தூவி, ஆலிவ் எண்ணெயை நம் கண்ணெதிரில் ஊற்றுகிறார்கள். கிரேக்கத்து வழக்கப்படியே லெட்டூஸ் சேர்ப்பதில்லை. தட்டின் அடியில் தேங்கும் தக்காளிச் சாற்றைத் தொட்டுக்கொள்ள இரண்டு துண்டு ரொட்டியும் தந்தார்கள். அந்தச் சாறுதான் இந்த சாலட்டின் உயிர்.

லெபனான் நாட்டுத் தபூலேயில் பொடியாக அரிந்த பார்ஸ்லி இலைதான் முதன்மை. உடைத்த கோதுமை கொஞ்சம்தான் இருக்க வேண்டும். பிற இடங்களில் கோதுமையைக் குவித்து மேலே பச்சையைத் தூவித் தருவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். இங்கே இலை நசுங்கிக் கறுக்காமல், எலுமிச்சையின் புளிப்போடு, அள்ளிச் சாப்பிட லெட்டூஸ் இலைகளும் சேர்ந்து வந்தது.

என் மனம் நிறைந்தது தாய்லாந்தின் பப்பாளிக்காய் சாலட்டில்தான். சொன்ன பிறகே பூண்டு, மிளகாயை உரலில் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த ஓசை மேசைவரை கேட்டது. காய்க் கீற்றுகள் கூழாகாமல், காரமும் புளிப்பும் உள்ளே இறங்கும் அளவுக்கு மட்டும் நசுங்கியிருந்தன. மீன் சாறு வேண்டாம் என்றதும் சோயா சாஸ் சேர்த்தார்கள்.

குறை சீசர் சாலட்டில். 1924இல் மெக்சிகோவின் டிஹுவானா நகரில் சீசர் கார்டினி என்ற இத்தாலியர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் இந்த சாலட்டை, விருந்தினர் முன்னிலையில் கலந்து தருவதே மரபு. இங்கே முன்பே கலந்து வைத்ததால் வறுத்த ரொட்டித் துண்டுகள் நமத்துப் போயிருந்தன. அதைவிட என்னை வருத்தியது, பட்டியலில் அதற்கு எதிரே இருந்த பச்சைப் புள்ளி. கோழியை நீக்கினால் மட்டும் இது சைவம் ஆகிவிடாது. சாலட்டில் கலக்கும் சாஸான டிரெஸ்ஸிங்கில் முட்டையின் மஞ்சள் கருவும் நெத்திலி வகை மீனும் சேர்வது வழக்கம். இதில் சேரும் பார்மசான் பாலாடைக்கட்டிக்கும் மரபாகக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் பயன்படுகிறது. நான் கேட்டதும் பரிமாறியவர் சாஸ் பாட்டிலையே கொண்டுவந்து காட்டினார். அதன் சீட்டில் மீன் என்றே அச்சிட்டிருந்தது. சைவம் என்று நம்பிச் சாப்பிடுபவர்களுக்காக அந்தப் புள்ளியை உடனே நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரு தட்டு ஒருவருக்குத் தாராளம். விலை 350 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. பப்பாளிக்காய் சாலட்டுக்காக நான் மீண்டும் போவேன். சீசர் சாலட் கேட்பவர்கள் டிரெஸ்ஸிங்கைத் தனிக் கிண்ணத்தில் தரச் சொல்லுங்கள்.