கோதுமையை முழுதாக விடுவதா, குறைப்பதா?

சர்க்கரைக்குப் பயந்து இரவுச் சோற்றை நிறுத்தி, மூன்று சப்பாத்தி என்று மாறி ஆறு வருடம் ஆகிறது. அப்போதிலிருந்தே எனக்கு வயிறு உப்புசம். போன வருடம் குளூட்டன் உள்ள எதையும் தொடாமல் மூன்று மாதம் இருந்தேன். இப்போது கோதுமையைக் குறைத்திருக்கிறேன், விடவில்லை. இரண்டில் எனக்குச் சரிப்பட்டது குறைப்பதுதான்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதம். மைதா, ரவை, சேமியா எல்லாமே கோதுமைதான். அரிசி, கேழ்வரகு, கம்பு, சாமை, பருப்பு எதிலும் அது இல்லை. இட்லியும் பொங்கலும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முழுதாக விடுவது அவ்வளவு கஷ்டமில்லை. கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத பிரெட், பிஸ்கட் பக்கம் போகவே வேண்டாம். விலை அதிகம், பெரும்பாலும் மாவுச்சத்துதான், நார்ச்சத்து குறைவு.

அந்த மூன்று மாதத்தில் உப்புசம் குறைந்தது உண்மை. ஆனால் குளூட்டனோடு வேறு என்னென்ன போனது என்று பிறகுதான் யோசித்தேன். பரோட்டா, பஃப்ஸ், சாயங்கால பிஸ்கட், சப்பாத்திக்கு வைக்கும் வெங்காயம் பூண்டு நிறைந்த குருமா, எல்லாம் சேர்ந்தே போயிருந்தது. கோதுமையிலும் வெங்காயம், பூண்டிலும் ஃப்ரக்டான் என்ற ஒரு சத்து உண்டு. அது குடலில் புளித்து வாயுவாகும். 2018இல் நார்வேயில் வந்த ஓர் ஆய்வில், சீலியாக் நோய் (குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இல்லாமலே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு எதில் எது இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். குளூட்டனைவிட ஃப்ரக்டான்தான் அதிகம் தொந்தரவு செய்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பரிசோதனை. இதில்தான் நான் தவறு செய்தேன். மருத்துவரிடம் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டெஸ்ட் எடுத்துட்டுத்தான் நிறுத்துனீங்களா?" இல்லை. சீலியாக் உள்ளவர்களின் உடல் குளூட்டனைக் கண்டு தன் சிறுகுடலையே தாக்கும். அப்போது உண்டாகும் எதிர்ப்பொருளைத்தான் டிடிஜி ரத்தப் பரிசோதனை தேடுகிறது. கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருளும் இறங்கிவிடும், குடலும் மெல்ல ஆறத் தொடங்கும். நோய் இருந்தாலும் ரிப்போர்ட் நார்மல் என்று வரலாம். அதனால் ஆறு வாரம் தினமும் சப்பாத்தி சாப்பிட்டு, பழைய உப்புசத்தை எல்லாம் திரும்ப அனுபவித்துவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன்.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? டெல்லியில் இருக்கும் என் அத்தை பேத்திக்குச் சீலியாக். வயிற்று வலிகூடப் பெரிதாக இல்லை, ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்துதான் தெரிந்தது. அவளுக்குக் குறைப்பது என்ற பேச்சே இல்லை. தனித் தோசைக்கல், தனி மாவு டப்பா. ஊருக்கு வந்தால் சாம்பாரில் பெருங்காயம்கூடப் போடமாட்டோம், கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால். மால்ட் பானமும் கிடையாது, அதில் பார்லி. வாழ்நாள் முழுக்க இப்படித்தான். இவ்வளவு கட்டுப்பாடு தேவையா இல்லையா என்று தெரியாமல் ஒருவர் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் பக்கம் இந்த நோய் குறைவுதான். 2016இல் வந்த இந்திய ஆய்வில் இதற்கான எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கும், தெற்கே 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. மரபணு வாய்ப்பு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பிடும் கோதுமையின் அளவில்தான் பெரிய வித்தியாசம். இப்போது நம் வீடுகளிலும் இரவில் சப்பாத்திதானே!

எனக்கு நார்மல் என்று வந்தது. அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், ஒன்றரைச் சப்பாத்தி, பாசிப்பருப்புக் கூட்டோடு. மற்ற நாள்களில் சாமைச் சோறும் காயும், இல்லையென்றால் கேழ்வரகு தோசை. வெள்ளை அரிசி இடியாப்பத்துக்கு மாறிய வாரங்களில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏறியது, அதனால் அதைத் தொடரவில்லை. வயிறு அந்த மூன்று மாதத்தில் இருந்தது போலவே லேசாக இருக்கிறது. இது என் ஒருவனுடைய எட்டு மாத அனுபவம்தான். உதவியது கோதுமை குறைந்ததா, குருமா நின்றதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் வெங்காயத்தை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுவந்து பார்க்கப்போகிறேன்.