நிக்கான் எஃப்80: ஃபிலிமுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் கேமரா

ஃபிலிமில் எடுக்க ஆசை, என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது நிக்கான் எஃப்80தான். 2000-இல் வந்தது, நிக்கானின் எஃப்100 கேமராவுக்கு ஒரு படி கீழே, ஆனாலும் வேண்டியதெல்லாம் இருக்கிறது. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள். கட்டை விரல் ஷட்டர் வேகத்தையும் ஆள்காட்டி விரல் அப்பர்ச்சரையும், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவையும், பார்த்துக்கொள்ளும், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்கவே வேண்டாம். உள்ளே கட்டக்கோடுகளை வரவழைக்கலாம். கோபுரம் எடுக்கும்போது படம் சாயாமல் இருக்க எனக்கு அதுதான் துணை.

கேமரா பாடிக்குள்ளேயே ஃபோகஸ் செய்யும் மோட்டார் இருப்பதால் விலை குறைந்த 50 எம்எம் எஃப்1.8டி லென்ஸே போதும், பட்டனைப் பாதி அழுத்தினால் சர்ரென்று திரும்பி நிற்கும். ஃபோகஸ் புள்ளிகள் ஐந்து. மங்கிய வெளிச்சத்தில் நடுப்புள்ளியை மட்டும் நம்புங்கள். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் லென்ஸ் மாட்டினால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யாது, அதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

அப்புறம் பேட்டரி. சிஆர்123ஏ இரண்டு வேண்டும், எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஒரு கல்யாணத்தில் ரோல் பாதி இருக்கும்போதே நான் போட்டிருந்த பழைய ஜோடி தீர்ந்துபோய், தாலி கட்டும் நேரத்தில் ஷட்டர் அசையவே இல்லை, இன்றைக்கும் நினைத்தால் மனசு வலிக்கிறது. அன்றிலிருந்து பையில் புது ஜோடி ஒன்று எப்போதும் இருக்கும்.

பழையதுதான் கிடைக்கும் என்பதால், வாங்கும் முன் பின்கதவைத் திறந்து ஷட்டர் திரையில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் மாட்டி, பேட்டரி போட்டு, பத்து தடவையாவது அழுத்திப் பாருங்கள்.