குதிரை லாரி ஓட்ட "தனி லைசென்ஸ்" எடுத்துத் தர்றோம்னு சொன்னா நம்பாதீங்க: 85,000 ரூபாய் போச்சு

ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், மண்டபம் பக்கம் வண்டி ஓட்டுற அண்ணன் தம்பிங்க எல்லாரும் இதைப் படிங்க. படிச்சிட்டு உங்க ஸ்டாண்ட் குரூப்ல போடுங்க. என் கையில இருந்து 85,000 ரூபாய் போயிருச்சு. இன்னைக்குக் காலையில போய்ப் பார்த்தா ஆபீஸ் பூட்டிக் கிடக்கு, போர்டைக் கழட்டியாச்சு, சுவத்துல ஆணி மட்டும் இருக்கு. வயிறு எரியுது. அந்தச் சூட்டோடதான் எழுதுறேன்.

ஆபீஸ் பேரை இங்க எழுதலை. புகார் குடுத்திருக்கேன், விசாரணை முடியுற வரைக்கும் பொதுவுல பேர் போட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புறோம், லைசென்சும் நாங்களே எடுத்துத் தர்றோம்னு சொல்ற மாடி ஆபீஸ். இப்படி நம்ம கரையோரம் எத்தனையோ இருக்கு. எப்படிப் பேசி வாங்குறாங்கன்னு தெரிஞ்சுக்கங்க. கடைசியில என்னென்ன பார்க்கணும்னு ஒவ்வொண்ணா எழுதுறேன்.

நான் மீன் லோடு அடிக்கிறவன், மினி லாரி. ஏப்ரல் 15 ஆரம்பிச்சு ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது, லோடு இருக்காது, ஆனா வண்டி டியூ மட்டும் மாசாமாசம் வந்து நிக்கும். அந்த நேரத்துல எனக்குக் கை கொடுக்கிறது பந்தயக் குதிரைங்கதான். ஊர்த் திருவிழாவுக்கு மாட்டு வண்டி, குதிரை வண்டி எல்கைப் பந்தயம் நடக்கும். குதிரைக்காரங்க என் வண்டியைத்தான் கேட்டு வருவாங்க. தளத்துல மணலைக் கொட்டி அதுக்கு மேல சாக்கை விரிச்சு ஏத்துவேன். குதிரை ஏத்திட்டா பிரேக்கை அமுக்குறதே வேற மாதிரி. மீன் பெட்டி சரிஞ்சா தூக்கி வச்சுக்கலாம், குதிரை சரிஞ்சா கால் போயிரும். திருப்பத்துல அது நாலு காலையும் அகட்டி ஊணி நிக்குறது தளத்துல சத்தமா கேக்கும். அந்தச் சத்தம் அடங்குற வரைக்கும் நான் ஆக்சிலேட்டரைத் தொடமாட்டேன்.

இதை நான் அந்த ஆபீஸ்காரன்கிட்ட சொன்னேன். அதைத்தான் அவன் பிடிச்சுக்கிட்டான்.

ஆபீஸுக்குள்ள நுழைஞ்சதும் சுவத்துல மக்கா படம், பக்கத்துல முருகன், அதுக்குப் பக்கத்துல வேளாங்கண்ணி மாதா. டீ வந்துச்சு. அம்மாவுக்குச் சுகர் எப்படி இருக்குன்னு கேட்டான். போன்ல பேசும்போது ஒரே ஒரு தடவை சொன்னது, ஞாபகம் வச்சிருந்தான். அப்புறம் செல்லுல ஒரு வீடியோ காட்டினான். துபாய்ல குதிரை ஏத்துற பெரிய லாரி, உள்ள ஏசி, பக்கவாட்டுல மெத்தை வச்ச தடுப்பு, ரப்பர் விரிச்ச சாய்தளம். குதிரை பதறாம நடந்து உள்ள போகுது. "அண்ணே, அங்க ஹெவி டிரைவர் ஆயிரம் பேர் இருக்கான். குதிரையோட பழகுன டிரைவர் இல்லண்ணே. அந்தக் காலத்துல அரபிக் குதிரையெல்லாம் நம்ம கரையிலதான் வந்து இறங்குச்சு, பாண்டிய ராஜா வாங்குனாரு. இன்னைக்கு அந்தக் குதிரையை ஓட்ட நம்ம ஊர் ஆளு அங்க போறான்"னு சொன்னான். காயல், பெரியபட்டினம் பக்கம் குதிரை வந்து இறங்குனது உண்மை. மார்க்கோ போலோவே பாண்டிய நாட்டுக் குதிரை வியாபாரத்தைப் பத்தி எழுதியிருக்காரு. ஒரு உண்மையை முன்னால வச்சு, பின்னாலயே பொய்யைச் சொருகுறதுதான் அவன் தொழில். என் வேலையை மதிச்சு ஒருத்தன் பேசுறானேன்னு அன்னைக்கு எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் சம்சாரம் கழுத்துச் சங்கிலியைக் கழட்டிக் குடுத்தா. அது இன்னும் சொசைட்டியில அடகுல இருக்கு.

கணக்கு இதுதான். ஹெவி லைசென்ஸுக்கு 35,000. "குதிரை வண்டி ஸ்பெஷல் லைசென்ஸ்" 30,000. "இன்டர்நேஷனல்" 20,000. மொத்தம் 85,000 ரூபாய். தனி லைசென்ஸ் எதுக்குன்னு கேட்டேன். உடனே ஒரு பேப்பரை எடுத்து நீட்டினான். மத்திய மோட்டார் வாகன விதிகள், 125-இ, மஞ்சள் மையில கோடு போட்டிருந்துச்சு. "பாருங்கண்ணே, சட்டத்துலயே குதிரைன்னு போட்டிருக்கு"ன்னான். போட்டிருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த விதி வண்டிக்கு உள்ளது. உயிருள்ள பிராணி ஏத்துற வண்டியில தடுப்பு இருக்கணும், ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம் விடணும்னு சொல்லுது. டிரைவர் லைசென்ஸைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. 1978-ல வந்த பிராணிகள் போக்குவரத்து விதியும் இப்படித்தான். வழுக்காத தளம், பக்கவாட்டுல மெத்தை, ஒரு வண்டிக்கு நாலுல இருந்து ஆறு குதிரைக்கு மேல கூடாது, இதெல்லாம்தான் இருக்கு. வண்டிக்குன்னு இருக்கிற சட்டத்தைக் காட்டி டிரைவர்கிட்ட 30,000 ரூபாய் வாங்குறான்.

பணம் போய்க் கொஞ்ச நாள்ல கூரியர்ல ஒரு கார்டு வந்துச்சு. பிளாஸ்டிக் கார்டு, ஓரத்துல தங்கக் கலர்ல முத்திரை, மூலையில குதிரைத் தலை படம். கீழ "இன்டர்நேஷனல் ஹார்ஸ் டிரான்ஸ்போர்ட் டிரைவிங் லைசென்ஸ்"னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. என் ரத்த குரூப் தப்பு. பின்னால இருக்கிற கட்டத்தை ஸ்கேன் பண்ணினா அவங்க விளம்பரப் பக்கமே திறக்குது. டெஸ்ட் எப்பன்னு கேட்டதுக்கு, "அதெல்லாம் வெளி மாநிலத்துல போட்டாச்சுண்ணே, நீங்க வரத் தேவையில்ல"ன்னான். அங்கதான் எனக்கு உறுத்துச்சு. எட்டு போடாம, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால வண்டி ஓட்டாம எவனுக்கு ஹெவி குடுத்தாங்க?

கார்டை எடுத்துக்கிட்டு நேரா ஆர்.டி.ஓ ஆபீஸுக்குப் போனேன். கவுன்டர்ல இருந்தவரு திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, இப்படி ஒரு வகையே கிடையாது"ன்னாரு. லைசென்ஸ் விவரம் பார்க்கிற அரசாங்க சாரதி சைட்டுல என் நம்பரைப் போட்டுக் காட்டினாரு. என் பழைய எல்.எம்.வி, அதாவது இலகுரக வண்டி லைசென்ஸ் மட்டும்தான் இருக்கு, ஹெவின்னு ஒரு எழுத்து ஏறலை. அப்புறம் உக்கார வச்சு விளக்கினாரு, அந்த மனுஷன் நல்லா இருக்கணும். லைசென்ஸ் வண்டியோட வகையையும் எடையையும் பார்த்துத்தான், உள்ள மீன் இருக்கா குதிரை இருக்கான்னு பார்த்து இல்லை. கேஸ், ஆசிட் மாதிரி ஆபத்தான சரக்குக்கு மட்டும்தான் தனியா பயிற்சி எடுத்துப் பதியணும். 7,500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு சொல்லிருச்சு. அதாவது நான் பந்தயத்துக்குக் குதிரை ஏத்துற வண்டிக்கு என் கையில இருக்கிற லைசென்ஸே சரியானது. அதுக்கு மேல பெரிய வண்டின்னா 20 வயசு ஆகியிருக்கணும், எல்.எம்.வி எடுத்து ஒரு வருஷம் முடிஞ்சிருக்கணும், டாக்டர்கிட்ட 1-ஏ படிவம், டிரைவிங் ஸ்கூல்ல படிச்சு 5-ஆம் படிவம், எல்.எல்.ஆர் போட்டு 30 நாள் கழிச்சு நாமளே போய் டெஸ்ட். மத்திய விதிப்படி எல்.எல்.ஆர் 150, டெஸ்ட் 300, இருக்கிற லைசென்ஸ்ல புது வகையைச் சேர்க்க 500. ஸ்கூல் பீஸ் தனி. இதுக்கு என்கிட்ட வாங்கினது 35,000.

இன்டர்நேஷனல் பெர்மிட்டும் ஆர்.டி.ஓ ஆபீஸ்லதான் குடுப்பாங்க. 1,000 ரூபாய் கட்டணம், ஒரு வருஷம் செல்லும், சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். அதுக்கு 20,000 வாங்கியிருக்கான். அதையும் வச்சுக்கிட்டு அங்க வேலைக்கு ஓட்ட முடியாதுன்னு துபாய்ல இருக்கிற மச்சான் சொல்லிட்டாரு. வேலை விசாவுல போனா அந்த ஊர்லயே படிச்சு, அந்த ஊர் டெஸ்ட்ல பாஸாகி, அவங்க லைசென்ஸ் வாங்கினாத்தான் ஹெவி தொடலாம். நம்ம ஹெவி லைசென்ஸை நீட்டினா மாத்திக் குடுக்க மாட்டாங்க.

இதுக்கப்புறம்தான் அலைக்கழிச்சாங்க. முதல்ல "சர்வர் டவுன்". அப்புறம் "அரபிக்கு வெள்ளிக்கிழமை லீவு". அப்புறம் "நோன்பு முடியட்டும்ணே". மேனேஜரைக் கேட்டா மீட்டிங், மீட்டிங்கைக் கேட்டா மெட்ராஸ் ஆபீஸ், மெட்ராஸ் நம்பருக்கு அடிச்சா அது இவங்க ஆபீஸ் மேஜையிலயே மணி அடிக்குது. நான் எதிர்லயே உக்காந்திருக்கேன், என் முன்னாலேயே சைலன்ட்ல போட்டான். அம்மாவுக்குச் சுகர் எப்படி இருக்குன்னு கேட்ட அதே வாய், "உங்க பேச்சு சரியில்ல, இனிமே எதுன்னாலும் வக்கீல் மூலமா வாங்க"ன்னு சொல்லுச்சு. மறுநாள் அவங்க குரூப்ல இருந்து என்னைத் தூக்கிட்டான். வாசல்ல இருந்த பொண்ணு மட்டும் ரகசியமா, "அண்ணே, எனக்கே சம்பள பாக்கி, வேற ஆளுங்களும் வந்து கத்திட்டுப் போறாங்க"ன்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை.

85,000 ரூபாய். தடைக்காலத்துல ஐஸ் பெட்டி தூக்கிச் சேர்த்ததும், சங்கிலியும்.

ஒவ்வொண்ணா விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப முடியலை. சுருக்கமாச் சொல்லிடுறேன். எந்த லைசென்ஸ் கார்டு கையில வந்தாலும் சாரதி சைட்டுல நம்பரைப் போட்டுப் பாருங்க, அதுல இல்லேன்னா அது வெறும் பிளாஸ்டிக். டெஸ்டுக்கு வரவேண்டாம்னு சொன்னாலே எந்திரிச்சு வந்துருங்க. வெளிநாட்டு ஏஜென்ட்டுன்னா அரசாங்கத்தோட இமைகிரேட் சைட்டுல அவன் பதிவு நம்பர் இருக்கான்னு பாருங்க. சட்டப்படி அவன் வாங்கலாம்னு இருக்கிறது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும்தான், அதுக்கும் ரசீது குடுக்கணும். ஆபீஸ் பேர் ஒண்ணு, ஜிபே போற பேர் வேற ஒண்ணுன்னா அனுப்பாதீங்க. பணம் போயிருச்சுன்னா அன்னைக்கே சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்கு அடிங்க, லேட் பண்ணாதீங்க.

தொண்டிப் பக்கம் ஒரு மாடியில புதுசா இதே மாதிரி "குதிரை லாரி டிரைவர் தேவை"ன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதா ஒரு தம்பி போட்டோ அனுப்பியிருக்கான். அதுல இருக்கிற குதிரைத் தலை என் கார்டுல இருக்கிற அதே படம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கப் போறேன். இதே மாதிரி பணம் கட்டினவங்க ஜிபே ஸ்கிரீன்ஷாட், கார்டு, கூரியர் கவர் எதையும் தூக்கிப் போடாம எடுத்துக்கிட்டு வாங்க. காலையில பத்து மணிக்கு வாசல்ல நிப்பேன்.