ஜெட்ஃபயரா, மோன்சா ஸ்பைடரா? வி8-ஐ விட்டுட்டு நான் ஏன் கோர்வேர் வாங்கினேன்

ரெண்டு வருஷமா விளம்பரம் விளம்பரமா மேஞ்சு, நாலஞ்சு காரை நேர்ல போய் குனிஞ்சு நிமிந்து பாத்து, ஒருவழியா போன அக்டோபர்ல ஒரு 1964 கோர்வேர் மோன்சா ஸ்பைடர் வாங்கிட்டேன். செவ்ரலேயோட கோர்வேர் கார்ல ஒரு மாடல் மோன்சா, அதுல டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கி அனுப்புற சாமான்) வச்சது ஸ்பைடர். கன்வெர்ட்டிபிள், நாலு ஸ்பீடு மேனுவல். இருக்கிறது ஒஹையோல, அதனால வாங்கின மூணாவது வாரமே பனிக்கு பயந்து கராஜ்ல போட்டு மூடியாச்சு, அது வேற சோகம். வாங்கின நாள்லேர்ந்து கார் பைத்தியம் புடிச்ச சிநேகிதங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான்: "இன்னும் கொஞ்சம் காசு சேத்திருந்தா ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரே வாங்கியிருக்கலாமேய்யா, எட்டு சிலிண்டர் வி8 ஆச்சே?" ஒவ்வொருத்தருக்கும் போன்ல ஒரு மணி நேரம் பேசி முடியல, அதான் எழுதிடலாம்னு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1962ல ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே கம்பெனிக்குள்ள ரெண்டு பிரிவு, ஓல்ட்ஸ்மொபீலும் செவ்ரலேயும், கிட்டத்தட்ட ஒரே நேரத்துல டர்போ வச்ச காரை ஷோரூம்ல கொண்டு வந்து நிறுத்தினாங்க. ஃபேக்டரியிலேயே டர்போ மாட்டி பொதுமக்களுக்கு வித்த பயணிகள் கார்னா உலகத்துலயே இதுங்க ரெண்டும்தான் முதல். எது எத்தனை வாரம் முந்துச்சுன்னு இன்னும் சண்டை போடுறவங்க இருக்காங்க, போடட்டும். ஜெட்ஃபயர் 62, 63 ரெண்டே வருஷம், மொத்தமே 9,607 கார். ஸ்பைடர் 62லேர்ந்து 64 வரைக்கும் சுமார் 40 ஆயிரம். ஆக அபூர்வம்னு பாத்தா ஜெட்ஃபயர்தான் அபூர்வம், அதுல பேச்சே இல்ல.

வேகத்துலயும் அதே கதைதான். ஜெட்ஃபயர்ல 215 கன இஞ்ச் அலுமினிய வி8, 215 எச்பி, அதாவது கன இஞ்சுக்கு ஒரு எச்பி, அந்த காலத்துக்கு அது பெரிய பீத்தல். ஸ்பைடர்ல பின்னாடி உக்காந்திருக்கிற ஆறு சிலிண்டர் காத்து குளிர்விப்பு இன்ஜின், 150 எச்பி. பூஜ்யத்துலேர்ந்து 60 மைலுக்கு அப்போ பத்திரிகைக்காரங்க ஓட்டிப் பாத்ததுல ஜெட்ஃபயர் எட்டரை செகண்ட் சுமாருக்கு வந்துச்சு, ஸ்பைடர் பதினொண்ணு கிட்ட. அழகு அவங்கவங்க கண்ணு. ஜெட்ஃபயர்ல நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப் மட்டும்தான், ஸ்பைடர்ல கூபேயும் உண்டு கன்வெர்ட்டிபிளும் உண்டு. ஸ்பைடருக்குன்னே வச்ச அந்த வட்ட வட்ட மீட்டர் டேஷ்போர்டு, அதுல ஆர்பிஎம்மும் சிலிண்டர் ஹெட் சூடும் காட்டுற மீட்டர், அதைப் பாத்தாலே எனக்கு பாதி மனசு போயிடுச்சு, ஒத்துக்கிறேன்.

ஆனா இதெல்லாம் வச்சு நான் முடிவெடுக்கல. முடிவெடுத்தது ஒரு பாட்டில்.

டர்போன்னா சிலிண்டருக்குள்ள காத்தை அமுக்கி அனுப்புறது. ஏற்கனவே கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குதுங்கிற கணக்கு) ஜாஸ்தியா இருக்குற இன்ஜின்ல இன்னும் அமுக்கினா, ஸ்பார்க் பத்த வச்ச நெருப்பு வந்து சேர்றதுக்கு முன்னாடியே மிச்ச பெட்ரோல் தானா வெடிக்கும், அதுதான் நாக்கிங், பிஸ்டன் ஓட்டையாகிடும். செவ்ரலே ஆளுங்க இதுக்கு எளிமையா ஒரு வழி பண்ணாங்க: டர்போ இல்லாத பவர்ஃபுல் மோன்சாவுல 9:1 இருந்த கம்ப்ரஷனை 8:1க்கு இறக்கிட்டாங்க. கீழ் ஆர்பிஎம்ல கொஞ்சம் சோம்பேறியா இருக்கும், பரவாயில்லன்னு விட்டுட்டாங்க. ஓல்ட்ஸ்மொபீல் ஆளுங்களுக்கு அந்த சோம்பேறித்தனம் ஆகாது, கம்ப்ரஷனை 10.25:1லயே வச்சுக்கிட்டு டர்போவும் மாட்டினாங்க. அப்ப நாக்கிங்குக்கு என்ன பண்றது? காய்ச்சி வடிச்ச தண்ணியும் மெத்தனாலும் கலந்து, கூட துருப்பிடிக்காம இருக்க கொஞ்சம் மருந்தும் போட்டு, அதுக்கு டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்னு ராஜ பேரு வச்சு, பூஸ்ட், அதாவது டர்போ குடுக்குற அமுக்கம், ஏறுறப்ப இன்ஜினுக்குள்ள தெளிக்க வச்சாங்க. உள்ள போற கலவை குளுந்துடும், நாக்கிங் வராது. புத்திசாலித்தனமான வேலைதான், இன்னிக்கும் ரேஸ் காருங்கள்ல தண்ணி மெத்தனால் தெளிக்கிறவங்க இருக்காங்க.

சிக்கல் என்னன்னா அந்த பாட்டிலை கார்க்காரன் ஞாபகமா நிரப்பணும். தீந்துட்டா டேஷ்ல விளக்கு எரியும், இன்ஜின் கெட்டுப்போகக்கூடாதுன்னு ஒரு வால்வு மூடிக்கிட்டு பூஸ்ட்டை குறைச்சிடும். பெட்ரோல் போடுறதே ஒரு வேலைன்னு நினைக்கிற ஜனங்க, இதுல பாட்டில் வேற எங்க நிரப்புவாங்க? நிரப்பல. கார் மந்தமாச்சு, "என்னய்யா ராக்கெட்டுன்னு வித்தீங்க"ன்னு டீலர்கிட்ட சண்டைக்கு போனாங்க, சில பேர் பூஸ்ட்டே ஏறாம மெதுவாவே ஓட்டி டர்போ இறுகிப்போச்சு. கடைசியில 1965 வாக்குல கம்பெனியே, டர்போவை கழட்டிட்டு சாதா நாலு பேரல் கார்புரேட்டர் மாட்டித் தர்றோம்னு சொல்லிடுச்சு. நிறைய பேர் சந்தோஷமா மாட்டிக்கிட்டாங்க. கழட்டின டர்போ சாமான் எங்க போச்சு? பழைய இரும்புக்குதான்.

இன்னிக்கு ஜெட்ஃபயர் தேடுறவனுக்கு வர்ற தலைவலி முழுக்க இங்கேர்ந்துதான். ஒண்ணு, டர்போ இல்லாத ஜெட்ஃபயர். பேரு மட்டும் ஜெட்ஃபயர், அடியில ஓடுறது நாலு பேரல் கார்ப். ரெண்டு, "டர்போ பெட்டியில இருக்கு, மாட்டினா போதும்"னு சொல்ற ஜெட்ஃபயர். நான் போய்ப் பாத்த ஒண்ணு அப்படித்தான், வித்தவர் நல்ல மனுஷர்தான், ஆனா அட்டைப்பெட்டியை திறந்தா டர்போ இருக்கு, பாட்டில் இருக்கு, நடுவுல இருக்க வேண்டிய வால்வு, டயஃப்ரம், குழாய் பாதி இல்ல, இருக்குற ரப்பரும் தொட்டா அப்பளமா நொறுங்குது. மூணாவது, எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுற முழு ஜெட்ஃபயர், அதோட விலை கேட்டுட்டு வீட்டம்மாகிட்ட சொல்லவே இல்ல.

இன்ஜின் வி8தானே, பார்ட்ஸ் கிடைக்காதான்னு கேப்பீங்க. இந்த அலுமினிய 215ல ப்யூக் வடிவம்தான் பின்னாடி ரோவருக்கு வித்து, இங்கிலாந்துல நாப்பது வருஷம் கிட்ட ஓடுச்சு, அதுக்கு சாமான் கிடைக்கும். ஓல்ட்ஸ்மொபீல் வடிவத்துக்கு சிலிண்டர் ஹெட்டே வேற, போல்ட் எண்ணிக்கையே வேற, அதனால ஹெட் சம்பந்தப்பட்டது ஒண்ணும் அப்படியே பொருந்தாது. (அந்த ஓல்ட்ஸ் பிளாக்கை வச்சுதான் ரெப்கோங்கிற கம்பெனி ரேஸ் இன்ஜின் செஞ்சு ஜாக் பிராபம் 1966ல ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனாரு. அந்தப் பெருமையை வச்சுக்கிட்டு நமக்கு கேஸ்கெட் வராது.) அலுமினியத்துக்கு ஒத்துக்காத கூலன்ட் ஊத்தி உள்ள அரிச்சுப்போன பிளாக்கும் நிறைய உண்டு, வெளிய பாத்தா தெரியாது.

ஸ்பைடர் பக்கம் வாங்க. ரேடியேட்டர் இல்ல, தண்ணி இல்ல, பாட்டில் இல்ல. பூஸ்ட் மீறாம பாத்துக்கிற வால்வான வேஸ்ட்கேட்டும் இல்ல, சைலென்சரோட அடைப்பே பூஸ்ட்டை கட்டுக்குள்ள வச்சுக்கிற மாதிரி கணக்கு பண்ணி விட்டிருக்காங்க, அதனால சத்தம் நல்லா வரட்டும்னு யாராவது ஃப்ரீயான சைலென்சர் மாட்டியிருந்தா உஷாரா இருங்க, பூஸ்ட் கணக்கு மீறி ஏறும். சாதா மோன்சாவுல ரெண்டு கார்புரேட்டர், ரெண்டையும் ஒத்துப்போக வைக்கிறதே ஒரு கலை. டர்போவுல ஒரே கார்ப்தான், அந்த தொல்லை மிச்சம். டர்போவுக்குன்னே கிராங்க்ஷாஃப்ட்டும் உயர்ந்த ஸ்டீல்ல போட்டிருக்காங்க. எல்லாத்துக்கும் மேல, கோர்வேர் பத்து வருஷத்துல 17, 18 லட்சம் வண்டி வித்துச்சு, ஸ்பைடரோட முக்கால்வாசி சாமான் அதே சாமான்தான், கோர்வேர் பார்ட்ஸ் மட்டுமே விக்கிற கடைங்க இருக்கு, கதவு ரப்பர்லேர்ந்து ஃபேன் பெல்ட் வரைக்கும் ஃபோன் பண்ணா வீட்டுக்கு வருது. டர்போவை பிரிச்சு சேத்துத் தர்ற ஆளுங்களும் உண்டு. எனக்கு இதுதான் தீர்ப்பு.

கோர்வேர்ல தொல்லையே இல்லன்னு சொன்னா பொய். ஆயில் ஒழுகும். கராஜ் தரையில அட்டை போட்டுதான் நிறுத்துறேன். ஃபேன் இன்ஜின் மேல படுத்த மாதிரி இருக்கும், கிராங்க்லேர்ந்து வர்ற பெல்ட் தொண்ணூறு டிகிரி திரும்பி மேல ஏறணும், அது அறுந்தா குளிர்விக்க ஒண்ணும் இல்ல, உடனே நிறுத்திடணும். டிக்கியில, அதாவது முன்னாடி, ஒரு பெல்ட்டும் ஸ்பேனரும் எப்பவும் கிடக்கும்.

"அது ஆளைக் கொல்ற கார்னு நேடர் எழுதினாரே"ன்னு எங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர் கேட்டாரு. நுகர்வோருக்காக போராடின வக்கீல் ரால்ஃப் நேடர் 1965ல எழுதினது உண்மைதான், முக்கியமா 60லேர்ந்து 63 வரைக்கும் வந்த பின் சஸ்பென்ஷன் பத்தி. 1972ல அரசாங்கமே டெஸ்ட் பண்ணி, அந்த காலத்து மத்த காருங்களை விட இது மோசமில்லன்னு சொல்லிடுச்சு. அதுக்காக அலட்சியமா இருக்க முடியாது, முன் டயர்ல 15 பவுண்டு பின் டயர்ல 26னு கம்பெனி சொன்ன கணக்கை மாத்தினா கார் வால் ஆட்டும், பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்கிற பையன் நாலுக்கும் 32 வச்சுட்டா போச்சு. நான் 64 மாடலா பாத்து வாங்கினதுக்கு காரணமும் இதுதான், அந்த வருஷம் பின்னாடி குறுக்கா ஒரு லீஃப் ஸ்பிரிங் சேத்தாங்க, இன்ஜினும் 145லேர்ந்து 164 கன இஞ்ச் ஆச்சு. எச்பி அதே 150தான், ஆனா பூஸ்ட் ஏறுறதுக்கு முன்னாடி இருக்குற சோம்பேறித்தனம் குறைவு.

64க்கு இன்னொரு நல்லது, திருப்பி விக்கிறப்ப உதவும். 62, 63ல ஸ்பைடர்ங்கிறது மோன்சாவோட ஒரு ஆப்ஷன் பேக்கேஜ்தான், அடையாள நம்பர்ல தெரியாது, எவனோ ஒருத்தன் சாதா மோன்சாவுல டர்போ இன்ஜினும் டேஷும் மாட்டி ஸ்பைடர்னு வித்தா கண்டுபிடிக்கிறது கஷ்டம். 64ல அதை தனி சீரிஸாவே ஆக்கிட்டாங்க, நம்பர் 406ன்னு ஆரம்பிச்சா ஸ்பைடர், 409ன்னு இருந்தா சாதா மோன்சா. விலை பேசுறதுக்கு முன்னாடி நான் பாத்த முதல் விஷயம் அதுதான்.

ஒண்ணு நேர்மையா சொல்லிடணும். பாட்டிலோட ஒழுங்கா ஓடுற ஜெட்ஃபயரை நான் ஓட்டினதே இல்ல. ஓட்டினது கார்புரேட்டர் மாத்தின ஒண்ணு, அதுவும் இருபது நிமிஷம், அதுவே நல்லா இழுத்துச்சு. அதனால ஓட்டுற சுகத்துல எது மேலன்னு நான் சொன்னா நம்பாதீங்க. 65, 66ல கோர்வேர்லயே வந்த 180 எச்பி டர்போ கோர்ஸா மாடல் இதை விட எல்லா வகையிலயும் நல்ல காருன்னு சொல்றவங்க சொல்றது சரியாவே இருக்கலாம், பின் சஸ்பென்ஷன் முழுசா புதுசு. எனக்கு அந்த பழைய டப்பா உருவம்தான் புடிச்சிருக்கு, அவ்ளோதான்.

யாராவது கராஜ் வசதியோட, கையில காசோட, வாரா வாரம் பாட்டிலை பாக்குற பொறுமையோட இருந்தீங்கன்னா முழு ஜெட்ஃபயர் கிடைச்சா விடாதீங்க, ஆனா பெட்டியில டர்போன்னு சொன்னா பெட்டியை முதல்ல திறந்து காட்டச் சொல்லுங்க. எனக்கு இந்த வாரம் வேலை இருக்கு, அந்த ஆயில் ஒழுகலுக்காக இன்ஜின்ல இருக்குற புஷ்ராட் குழாய் பன்னெண்டுக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருபத்துநாலு வந்து மேஜை மேல கிடக்கு, பனி விடுறதுக்குள்ள மாத்தணும்.