ஸ்கிப்டனா, ரிச்மண்டா? யார்க்‌ஷயரின் இரண்டு சந்தை ஊர்கள்

வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் எங்கே தங்குவது என்று யோசிக்கும்போது இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். தெற்கு வாசலில் ஸ்கிப்டன், வடகிழக்கு வாசலில் ரிச்மண்ட். இரண்டிலும் நார்மன் காலத்துக் கோட்டை உண்டு, பழைய சந்தை உண்டு, பக்கத்தில் பாழடைந்த மடாலயமும் உண்டு. படிக்கும்போது ஒரே மாதிரித்தான் தோன்றும், போய் நின்றால் தெரியும் வித்தியாசம். கார் இல்லாமல் ஒரே நாளில் போய்த் திரும்புவதானால் ஸ்கிப்டன். இரண்டு இரவு தங்க முடியுமென்றால் ரிச்மண்ட். என் மனம் ரிச்மண்ட் பக்கம்தான்.

போக்குவரத்தில் ஸ்கிப்டனை அடித்துக்கொள்ள முடியாது. லீட்ஸிலிருந்து ரயிலேறினால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம், ஊருக்குள் நடந்தே போகலாம். ரிச்மண்டுக்கு 1969க்குப் பிறகு ரயில் கிடையாது. டார்லிங்டனில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய ரயில் நிலையத்தை இடிக்காமல் திரையரங்கும் உணவகமுமாக மாற்றி வைத்திருக்கிறார்கள், அது அழகாகவே இருக்கிறது.

சந்தையிலும் ஸ்கிப்டனுக்கே முதலிடம். 1204ல் ஜான் மன்னர் உரிமை கொடுத்த சந்தை அது. இன்றும் திங்கள், புதன், வெள்ளி, சனி என்று வாரம் நான்கு நாள் அகலமான பெரிய தெருவில் கடை போடுகிறார்கள். ரிச்மண்டில் சனிக்கிழமைதான் சந்தை நாள். ஆனால் அது கூடும் இடத்தின் கதை வேறு. ஒரு காலத்தில் கோட்டையின் வெளி முற்றமாக இருந்த இடம்தான் இன்றைய சந்தைத் திடல். கல் பாவிய அந்தச் சரிவான திடலைச் சுற்றி வீடுகள் வளைந்து நிற்பதற்கும் அதுவே காரணம். ஸ்கிப்டனில் தெருக்கோடியில் கோட்டை வாசலைப் பார்க்கிறீர்கள், ரிச்மண்டில் கோட்டைக்குள்ளேயே நின்று காய்கறி வாங்குகிறீர்கள்.

கோட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்கிப்டன் கோட்டை கூரையோடு முழுசாக நிற்கிறது. உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்புக்காக மூன்று ஆண்டு முற்றுகையைத் தாங்கி, 1645 டிசம்பரில்தான் சரணடைந்தது. பிறகு நாடாளுமன்றத் தரப்பு அதை இடித்துப்போட்டது. இன்று நாம் பார்ப்பது ஆன் கிளிஃபர்ட் என்ற பெண்மணி மீட்டெடுத்த கோட்டை. 1590ல் இங்கேயே பிறந்தவர். 1605ல் அப்பா இறந்தபோது சொத்து மகளுக்கு வரவில்லை, சித்தப்பாவுக்குப் போயிற்று. ஆன் வழக்காடினார். ஜேம்ஸ் மன்னரே சமரசம் பேசி எதிராகத் தீர்ப்புச் சொன்னபோதும் இணங்கவில்லை. சித்தப்பா மகன் ஆண் வாரிசு இல்லாமல் 1643ல் இறந்த பிறகுதான் சொத்து கைக்கு வந்தது. அறுபதை நெருங்கும் வயதில் வடக்கே வந்து, இடிந்த கோட்டையை 1657, 58ல் செப்பனிட்டார். வாசலில் அதைக் கல்வெட்டாகவே பொறித்திருக்கிறார்கள். உள் முற்றத்தில் அவர் நட்டதாகச் சொல்லப்படும் யூ மரத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

ரிச்மண்ட் கோட்டை 1071 வாக்கில் ஆலன் ரூஃபஸ் என்ற பிரபு தொடங்கியது. ஸ்வேல் ஆற்றுக்கு மேல் பாறை விளிம்பில் நிற்கிறது. பெரும்பகுதி இடிபாடுதான், ஆனால் 30 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேலே ஏறினால் திடலும் கூரைகளும் பள்ளத்தாக்கும் ஒருசேரத் தெரியும். பெரிய முற்றுகை எதையும் காணாத இந்தக் கோட்டையின் கனமான கதை 1916ல் நடந்தது. முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மறுத்த பதினாறு பேர் இங்கே சிறை வைக்கப்பட்டார்கள். பிரான்சுக்கு அனுப்பி மரண தண்டனை விதித்து, பிறகு அதைப் பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைத்தார்கள். சிறையறைச் சுவர்களில் கைதிகள் பென்சிலால் எழுதியவை இன்னும் இருக்கின்றன. என்னை ரிச்மண்ட் பக்கம் சாய்த்தது இந்தப் பதினாறு பேர்தான். அப்புறம் 1788ல் கட்டிய ஜார்ஜியன் நாடக அரங்கம். 1848ல் மூடப்பட்டு, 1963ல் மறுபடி திறந்து, இன்றும் நாடகம் போடுகிறது. மாலையில் ஊரில் இருந்தால் டிக்கெட் வாங்கிவிடுங்கள்.

சுற்றுப்புறம் என்று வந்தால், ஸ்கிப்டனுக்கு எண்ணிக்கை அதிகம். லீட்ஸ் லிவர்பூல் கால்வாயில் படகு சவாரி ஊருக்குள்ளேயே கிடைக்கும். மால்ஹம் கோவ் என்ற 80 மீட்டர் சுண்ணாம்புப் பாறைச் சுவர் அரை மணி நேரக் கார் பயணம். 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தின் மேல் ஓடும் செட்டில் கார்லைல் ரயிலை ஸ்கிப்டனிலேயே பிடிக்கலாம். போல்டன் அபே மடாலயம் 1539ல் மூடப்பட்டாலும் அதன் ஒரு பகுதி இன்றும் ஊர்த் தேவாலயம். குழந்தைகளோடு போனால் அங்கே ஆற்றைக் கடக்கும் படிக்கற்களே போதும், நாள் போய்விடும். அதே வார்ஃப் ஆறு கொஞ்சம் மேலே, ஸ்ட்ரிட் என்ற இடத்தில், தாண்டிவிடலாம் என்று தோன்றும் அளவுக்குக் குறுகும். தாண்டவே கூடாது. பாறைக்கு அடியில் ஆழமும் இழுப்பும் பயங்கரம், உயிர்கள் போயிருக்கின்றன.

ரிச்மண்டிலிருந்து ஆற்றோரமாக ஒரு மைல் நடந்தால் ஈஸ்பி மடாலயம். அதை ஒட்டிய சிறு தேவாலயத்தில் 13ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. கூட்டம் குறைவு. மேற்கே ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கு: கல் வேலிகள், வயல் நடுவே கல் கொட்டகைகள், ரீத், மியூக்கர் கிராமங்கள். மியூக்கர் புல்வெளிகள் பூத்திருப்பதைப் பார்க்க ஜூன் மாதம் போங்கள், ஜூலையில் தீவனத்துக்காக அறுக்கத் தொடங்கிவிடுவார்கள். கல் பாவிய ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காதீர்கள், அந்தப் புல்தான் ஆடு மாடுகளுக்குக் குளிர்காலத் தீனி. பேருந்துகள் குறைவு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.