கொடுவாவா பாசாவா, மைதாவா அரிசி மாவா: மொறுமொறு மீனுக்கு எது சரி?

மாவில் முக்கிப் பொரிக்கும் மீனைப் பற்றித்தான் பேச்சு. முதலில் மாவு. கடலை மாவைச் சீக்கிரமே ஒதுக்கிவிடலாம். மீன் வேகும் முன்னே மேலே சிவந்துவிடும்; கடித்தால் பஜ்ஜி ருசிதான் முன்னால் நிற்கும். மழை நாளில் டீயோடு தின்ன ஆட்சேபம் இல்லை, ஆனால் நல்ல மீன் வாங்கிய காசு வீண்.

மைதாவில் சோடா ஊற்றுவது இங்கிலாந்துப் பொரித்த மீன் கடைப் பாணி. அவர்கள் பீரும் ஊற்றுவார்கள்; மாவை உப்ப வைப்பது குமிழிதான் என்பதால் பெட்டிக்கடைச் சாதா சோடாவே போதும். (பன்னீர் சோடா வேண்டாம், சாமி!) சோடா ஜில்லென்று இருக்க வேண்டும். சூடும் அதிகக் கலக்கலும் மைதாவின் பசையை எழுப்பி, மேலோட்டை ரப்பராக்கிவிடும். கரண்டியால் நாலு சுற்று, அவ்வளவுதான். கட்டி இருந்தால் இருக்கட்டும். எடுத்த கையோடு தின்றால் இதை மிஞ்ச ஆளில்லை. சிக்கல் நம்ம ஊர்ப் புழுக்கம். தட்டில் கொஞ்ச நேரம் கிடந்தாலே நமத்துவிடும்.

அரிசி மாவில் அந்தப் பசை கிடையாது. எண்ணெயும் குறைவாகக் குடிக்கும், மொறுமொறுப்பும் நேரம் தாங்கும். தனியாகப் போட்டால் தகடு மாதிரி இறுகி, மீனை விட்டு உதிரும். அதனால் என் ஓட்டு கலவைக்குத்தான்: மைதா 2 பங்கு, அரிசி மாவு 1 பங்கு, உப்பு, மிளகுத்தூள், ஜில் சோடா.

அப்புறம் மீன். வஞ்சிரம் தவா வறுவலுக்கு ராஜா, மாவுக்குள் போனால் வறண்டுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விலையும் எகிறும். கொடுவா அப்படியில்லை, பண்ணையிலும் வளர்கிறது. சதை வெள்ளையாக, இதழ் இதழாகப் பிரியும். சென்னை மீன் சந்தைகளான காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ தோலுரித்து, நடுமுள் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வியட்நாமிலிருந்து உறைந்து வரும் பாசா மலிவு, முள் தொல்லை இல்லை. ஆனால் தண்ணீர் விடும். துணியில் ஒற்றி எடுத்து, வறண்ட மாவில் புரட்டிய பிறகே கரைசலில் முக்க வேண்டும். கொடுவாவுக்கும் இதைச் செய்யலாம், பாசாவுக்குச் செய்தே ஆகணும்.

எண்ணெய் 180 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையா? ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே வரணும். பொரித்ததைக் காகிதத்தில் குவிக்காமல் கம்பித் தட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் ஆவி அடியில் தங்கி அடிப்பக்கம் நமத்துவிடும்.